பிழை கேபிளில் இல்லை

தவராசா இறந்த செய்தி வந்தபோது நான் முழங்காவிலில் ஒரு வீட்டில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்த சிறிய பெட்டியைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த பல்லியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி நிறுத்தாமல் அதிர்ந்தது. எங்கள் முகநூல் குழுவில் யாரோ அவருடைய படத்தைக் கறுப்புக் கரையோடு போட்டிருந்தார்கள். அதன் கீழே கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நான் கை எதுவும் போடவில்லை. தூசியைத் துடைத்து, பெட்டியைப் பூட்டி, படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரம், குழுவை நடத்தும் ரூபன் வவுனியாவிலிருந்து அழைத்தார்.

"அக்கா, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு மலர் அடிக்கிறம். நீங்கள் கட்டாயம் எழுதவேணும்."

"என்னத்தை எழுதிறது?"

"செத்த மனுசன்தானே. நல்லதை மட்டும் எழுதுங்கோ. மற்றது, உங்கடை அந்தப் பழைய பதிவையும் ஒருக்கா அழிச்சுவிட்டால் நல்லம். அவற்றை பெஞ்சாதி, பிள்ளையள் பாப்பினம்."

எழுதுகிறேன் என்றேன். அழிக்கமாட்டேன் என்றேன். எழுதியது இதுதான். விரும்பினால் மலரில் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

குழுவுக்கு வெளியே இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சாதாரணத் தொலைக்காட்சியை வீட்டுத் திரையரங்காக மாற்றுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. பல நாடுகளிலும் உள்ளவர்கள் சும்மா சேர்ந்து எழுதி, எவரும் எடுத்துப் போடலாம் என்று திறந்து விட்டது. சின்னப் பெட்டியில் அதைப் போட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தால், சேமித்து வைத்த பாட்டு, படம், கலியாணவீட்டு வீடியோ எல்லாம் பார்க்கலாம். பழுதானால் கூப்பிட்டுக் கேட்க ஒரு நிறுவனம் கிடையாது. பாவிப்பவர்கள் ஒருவரை ஒருவர்தான் கேட்கவேண்டும். வன்னியில், தமிழில், கேட்கப்பட்டவர் பெரும்பாலும் தவராசா.

ஓமந்தையில், ஏ9 வீதியோரம் அவருடைய கடை. பெட்டி தான் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் தானே ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதை லொக் என்போம். "லொக் இல்லாமல் கதை இல்லை" என்று அவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். நான் முதன்முதலில் அங்கே போன அன்று ஒரு ஆசிரியை ரிமோட் வேலை செய்யவில்லை என்று வந்து நின்றார்.

"ரிமோட் வேலை செய்யேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார் தவராசா. "நீங்கள் அமத்தினீங்கள், ரிவியிலை ஒண்டும் நடக்கேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தைக் கண்டுபிடிக்கிறது என்ரை வேலை. படிப்பிக்கிற நீங்களே இப்பிடிக் கதைச்சால்?"

கடைக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. ரிமோட்டில் பிழை இருக்கவில்லைதான். பெட்டியின் கண்ணில் யாரோ ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். தவராசா சொன்னது சரி. ஆனால் சரியாக இருப்பது மட்டும் அந்த மனிதருக்குப் போதவில்லை. மற்றவர் பிழையாக நிற்பதை நாலு பேர் பார்க்கவும் வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் இங்கேதான் பிறந்தேன். மலையகத்திலிருந்து எங்கள் ஆட்கள் கையோடு கொண்டுவந்தவற்றில் காமன்கூத்தும் ஒன்று. அப்பா அதற்குத் தப்புப்பறை அடிப்பவர். ஒரு வருடம் கூத்து நடந்தபோது ஊர்ப் பொடியன் ஒருவன் புதுத் தொலைபேசியில் முழுவதையும் பிடித்தான். அப்பா கடைசியாகத் தப்பு அடித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவருடைய வலக்கை எழும்பவில்லை.

பொதுநோக்கு மண்டபத்துத் தொலைக்காட்சியில் அதைக் காட்டுவதென்று ஊரே கூடியது. அப்பாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினோம். முதலில் பழைய வருடங்களின் கூத்தைப் போட்டேன், ஓடியது. புதியதைப் போட்டேன். தப்புச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. திரை கறுப்பாகவே நின்றது. எத்தனை தரம் நிறுத்திப் போட்டும் அதேதான்.

"சத்தம் கேக்குது," என்றார் அப்பா. "எங்களக் காணோமே புள்ள."

வீட்டுக்கு வந்ததும் குழுவில் பதிவு போட்டேன். லொக்கையும் இணைத்தேன். ஜெயபுரம் மண்டபத்தில் அதே பெட்டி, அதே கேபிள், பழைய வருடக் கூத்து ஓடுகிறது, புதியது மட்டும் கறுப்பு என்று தெளிவாக எழுதினேன். கீழே தவராசா இப்படிப் பதில் போட்டார்:

"கேபிள் பிழை. தோட்டக்காட்டுப் பக்கம் கேபிள் செருகிறதும் கொழுந்து கிள்ளிற மாதிரித்தான் போலை."

அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பெயர்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன. பேசாமல் இருந்தவர்கள் அவர்களை விட அதிகம். ரூபன் எனக்குத் தனியாக எழுதினார்: "அவர் அப்பிடித்தான் அக்கா, பெரிசா எடுக்காதேங்கோ." பெரிதா, சிறிதா என்று தீர்மானிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன்.

நான் குழுவை விட்டுப் போகவில்லை. தவராசா அண்ணை என்று அழைப்பதை மட்டும் விட்டேன். "நீங்கள் சொல்வது பிழை. கேபிள்தான் காரணமென்றால் பழைய கூத்து எப்படி ஓடுகிறது? வந்து காட்டுங்கள்" என்று அதன் கீழேயே எழுதினேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கேட்டதால் அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. அடுத்த கிழமையே, கிளிநொச்சியில் பஸ் மாறி, ஒரு பை நிறையக் கேபிள்களோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர் அல்ல. நான் பிழை என்று நிறுவ வந்தவர்.

அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். "டீ குடிங்கய்யா, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

"வேண்டாம் அம்மா. நான் வெளியிலை ஒண்டும் குடிக்கிறேல்லை."

அவருடைய கடையில் நான் நின்ற ஒரு பொழுதிலேயே எதிர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரண்டு தரம் பிளேன்ரீ என்கிற வெறுந்தேநீர் எடுப்பித்துக் குடித்த மனிதர் அவர். அம்மா கோப்பையைத் திரும்ப எடுத்துப் போனார். அந்தத் திரும்பிப் போதலை நான் மறக்கப்போவதில்லை.

மண்டபத்திலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியில் தன் கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். கறுப்பு. தன் மின்வழங்கியைப் போட்டார். கறுப்பு. எங்கள் தொலைக்காட்சியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலும் கறுப்பு. பிறகு என் மடிக்கணினியை வாங்கித் திறந்து, நான் அனுப்பிய லொக்கை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது அண்டைக்கே அனுப்பினதோ?"

"ஓம். பதிவோடையே இருக்கு."

"நான் பாக்கேல்லை."

லொக் இல்லாமல் கதை இல்லை என்று சுவரில் ஒட்டியவர், கையில் கொடுத்த லொக்கைப் பார்க்கவில்லை. என் ஊரின் பெயரைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பிழை பெட்டியில் இருந்தது. புதிய தொலைபேசிகள் சில, படத்தை நிறம் கூட்டி வேறு விதமாகச் சுருக்கிச் சேமிக்கின்றன. அந்த மலிவான பெட்டியின் மின்சில்லுக்கு அதை விரிக்கத் தெரியாது. ஆனால் தெரியும் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடும். மென்பொருளும் நம்பி அதனிடம் வேலையை ஒப்படைக்கும். அதனால்தான் சத்தம் வந்தது, ஆட்கள் வரவில்லை. தவராசா கூத்துப் பதிவைப் பழைய முறைக்கு மாற்றத் தொடங்கினார். அதற்கு நெடுநேரம் எடுத்தது. கடைசி பஸ் போய்விடும் என்று, முடிவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று பொழுதுபட அப்பா தன்னைத் திரையில் பார்த்தார். இடக்கையால் கதிரைக் கையில் தட்டிக்கொண்டே கடைசி வரை பார்த்தார்.

குழுவில் தவராசா ஒரு வரி போட்டார்: "பிழை பெட்டியில். கேபிளில் இல்லை." என் பெயர் இல்லை. முதல் வரியும் அழிக்கப்படவில்லை. நான் தொலைபேசியில் அழைத்தேன்.

"பிழையைத் திருத்தியாச்சே. இன்னும் என்ன?" என்றார்.

"அது பெட்டியைப் பற்றி. என்னைப் பற்றிச் சொன்னது?"

தொடர்பைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவேயில்லை.

ஆனால் பூநகரிப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக என்னிடம் வரத் தொடங்கினார்கள். யார் அனுப்பியது என்று கேட்டால் ஓமந்தைக் கடை என்றார்கள். "ஜெயபுரத்திலை ஒரு அம்மா இருக்கிறா, அவாட்டைப் போங்கோ, அவாக்குத் தெரியும்" என்று சொன்னாராம். கேட்டு எனக்குக் குளிரவில்லை, எரிந்தது. எனக்குரிய மரியாதை என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இல்லாத இடத்தில் மட்டும் அதைத் தந்திருக்கிறார். இதைக் காட்டிப் பழையதை அழித்துவிடலாம் என்று ரூபன் நினைக்கலாம். அவமானத்தை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்டு, மரியாதையைப் பின்வாசலால் அனுப்பினால் கணக்குச் சரியாகாது.

செத்தவீட்டுக்குப் போனேன். பந்தலில் எனக்குப் பக்கத்தில் பூநகரிக் கடற்றொழிலாளி ஒருவர் இருந்தார், சூசைதாசன் என்று பெயர். அவருடைய பெட்டி உப்புக் காற்றில் உள்ளே பச்சை பிடித்துப் போக, டவுனில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் புதிது வாங்கச் சொன்னார்களாம்.

"இவரும் ஏசினவர்தான்," என்றார். "'கடலுக்கை கொண்டுபோய் வைச்சுப் படம் பாத்தனியோ' எண்டு கேட்டவர். ஆனால் பின்னேரம் வரைக்கும் குந்தியிருந்து, பிரஷ் போட்டுப் போட்டுத் துடைச்சு எழுப்பித் தந்தவர். 'புதுசு வாங்கு எண்டு சொல்லுறதுக்கு நான் எதுக்கு? அதுக்குக் கடைக்காரன் இருக்கிறான்' எண்டார். இப்பவும் ஓடுது."

பொய் சொல்லும் ஆளாகத் தெரியவில்லை. ஓமந்தைக்கு வந்த ஒருவரையும் தவராசா வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதாக நானும் கேள்விப்பட்டதில்லை. இதை எழுதாமல் விட்டால் நானும் அவரைப் போல் லொக்கை வாசிக்காதவள் ஆகிவிடுவேன்.

ஆகவே அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வதைச் சொல்லி முடிக்கிறேன். என்னிடம் வருகிற எவரிடமும் புதிது வாங்குங்கள் என்று முதல் வார்த்தையாகச் சொல்வதில்லை. அது அவருடையது, எடுத்துக்கொண்டேன். கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். அதுவும் அவர் தந்ததுதான். அவரே வந்து திருப்பி வாங்கியிருக்க வேண்டியது. அவருக்காக நீங்கள் யாரும் வந்து கேட்காதீர்கள்.