அருவியில் சொன்ன பேர்

விசா ஆபீசில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் என்னிடம் கஷ்டமாக எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் பேர் என்ன என்றுதான் கேட்டார். பக்கத்தில் நின்ற பெண் அதைத் தமிழில் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு கம்மியாகும் என்பாள் என் அம்மா. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், அஞ்சாவது படித்திருக்கிறேன். ரேஷன் கடையில் கேட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவள் எனக்காகச் சொல்வாள். இங்கே பின்னால் நின்றவர்கள் யாரோ எவரோ.

"சாமி பேருதாம்மா," என்றேன்.

அந்தப் பெண் பட்டணத்துப் பிள்ளை, அவளுக்குப் புரியவில்லை. புருஷன் பேரே தெரியாதவள் யாருக்கோ அம்மா வேஷம் போட்டு வந்திருக்கிறாள் என்று வெள்ளைக்காரர் நினைத்திருப்பார். பாஸ்போர்ட்டோடு விசா இல்லை என்று ஒரு சீட்டையும் வைத்து வெளியே தள்ளிவிட்டார்.

கடல் தாண்டிக் குளிர் நாட்டில் இருக்கிற என் மகளுக்குப் பங்குனியில் பிரசவம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அப்போது அவள் அழுததை நான் போனில்தான் கேட்டேன். இந்தத் தடவை பக்கத்தில் இருக்கவேண்டும் என்று இருந்தேன்.

"ஏம்மா, எனக்காக ஒருதரம் சொல்லக்கூடாதா?" என்றாள்.

மறுபடியும் மனு போட்டோம். வீட்டுக்காரர் என்னை மலைக்குக் கூப்பிட்டார்.

"அருவி கிட்ட நின்னு சொல்லிப் பழகு. சாமிக்கும் கேக்காது, எமனுக்கும் கேக்காது."

"உங்களுக்குக் கேக்குமே."

"சுகர் மில்லு மிஷின் சத்தத்துல எனக்குத்தான் பாதி காது அவுட்டாச்சே."

கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினோம். வளைவு ஏற ஏற மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. கடுக்காய் மரங்கள் தெரிவதும் கரைவதுமாக இருந்தன. நான் போகிற நாடும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். தூக்கத்தில் ஒரு குழந்தை என் விரலைப் பிடித்திருந்தது. விழித்துப் பார்த்தால் பிடித்திருந்தது அவர். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

அருவிக்குப் பக்கத்தில் பாறை மேல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் சாரலில் நின்று முதலில் உதட்டுக்குள் சொன்னேன். பிறகு வாய்விட்டுச் சொன்னேன். தண்ணீர் அந்தப் பேரை அப்படியே வாங்கிக்கொண்டு இறங்கிப் போனது. அணைக்குப் போயிருக்கும், அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கரும்புக் கொல்லை. அந்த வருஷத்துக் கரும்பெல்லாம் அவர் பேரைக் குடித்து வளர்ந்ததாகவே எனக்கு இன்னும் ஒரு நினைப்பு.

பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தார்.

"சொல்லிட்டியா?"

"உம்."

"எனக்கு ஒன்னும் ஆவல பாரு. பசிதான் எடுக்குது."

இரண்டாவது தடவை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா. போன தடவை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

"வூட்டுக்காரர் பேரு கேட்டாங்க. நான் சொல்லல. சொன்னா அவுருக்கு ஆவாதுன்னு."

தமிழ் சொல்கிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை எடுத்துச் சொன்னாள்.

"இப்போ சொல்வீங்களா?"

காதுக்குள் அருவி விழுந்தது. சொன்னேன்.

"பேத்தி பேரனைப் பார்த்துட்டு அங்கேயே இருந்துட மாட்டீங்களா?"

"அவுரு இங்க இருக்காருங்க. அவுருக்கு சோறு பொங்கத் தெரியாது."

அந்த அம்மா பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொண்டால் விசா கிடைத்த மாதிரி என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "இன்னா ஆச்சி?"

"சொல்லிட்டேன். குடுத்துட்டாங்க."

"யார் யாருக்கோ சொல்ற. என் எதிர்ல ஒருதரம் சொல்லேன்."

"நடுவுல ஒரு கண்ணாடி வச்சிக்கினு வாங்க, சொல்றேன்."

மாசி முடிகிற சமயம் ஏர்போர்ட்டில் என்னை உள்ளே விட்டார்கள், அவரை விடவில்லை. பெரிய கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஜனங்களுக்கு நடுவில், மலையில் போட்டிருந்த அதே துண்டோடு நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி ஓரமாகப் போனேன். அவரைப் பார்த்துப் பேர் சொன்னேன்.

அவர் கையைக் காதுக்குக் குவித்து, இன்னா என்று தலையை ஆட்டினார்.

நான் பையை எடுத்துக்கொண்டேன்.