மேல்மூச்சு வாங்கிய கரடி

என் அக்கா தலையணை செய்யும் கூடத்தில் பஞ்சு அடைப்பவள். பதினோரு வருடமாக அதே வேலை. மாலையில் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, அவளுக்கு நரை விழுந்துவிட்டதோ என்று தோன்றும். மூக்கில் துணி கட்டிக்கொள் என்றால், "கட்டுனா மூச்சு முட்டுதுடா" என்பாள். கேட்டுவிட்டு நானும் சும்மா இருந்தேன்.

அவளுடைய நாலு வயது மகள் தூங்க ஒரே வழிதான். அம்மா மல்லாந்து படுக்க வேண்டும். அந்த வயிற்றில் இவள் கன்னம் வைக்க வேண்டும். வயிறு ஏறி இறங்க, இரண்டே நிமிடத்தில் கண் சொக்கிவிடும். வீட்டில் சரி. பகலில் குழந்தைகள் காப்பகத்தில் யார் வயிற்றைத் தேடுவது? மதியத் தூக்க நேரத்தில் அழுது ஊரைக் கூட்டினாள். மற்ற பிள்ளைகளும் எழுந்து ஒத்து ஊதின. காப்பகத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. "இன்னும் ஒரு வாரம் பாக்கறேம்மா. அப்புறம் வேற இடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். வேறு இடம் கிடையாது. அத்தான் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். காப்பகம் கைவிட்டால் அக்காவின் வேலையும் போகும்.

அக்கா வெட்டுத் துணியில் ஒரு கரடி தைத்தாள். முகம் எலியாக வந்துவிட்டது; வயிறு மட்டும் அசல் கரடி. "இது வயித்துல லைட்டு வச்சு, என் மூச்சு மாதிரியே வெளிச்சத்த ஏத்தி இறக்க முடியுமாடா?" என்று கேட்டாள்.

நான் கைபேசி பழுது பார்ப்பவன். என்னிடம் போய் முடியுமா என்றால்? பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு. ஐந்து குட்டி விளக்குகள், மின்சாரம் ஓடும் உலோக நூல், அவற்றை இயக்கப் பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. அவள் விளக்குகளை உள்துணியில் தைத்தாள். நான் லேப்டாப்பில் புரோகிராம் எழுதினேன். வேகம் தெரிய வேண்டுமே என்று அவளைப் படுக்கவைத்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பது. ஒரு விநாடி ஏற்றம், ஒரு விநாடி இறக்கம். கணக்கு பிசிறில்லாமல் வந்ததில் அப்படி ஒரு குஷி. மண்டையில் களிமண்ணை வைத்துக்கொண்டு, "சூப்பர்க்கா" என்று வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் நர்ஸம்மா எங்களை வரச் சொன்னார்.  போய் எட்டிப் பார்த்தால், பிள்ளை கரடியின் வயிற்றில் கன்னம் பதித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது!

"தூங்குறா, அதுல குறை இல்ல" என்றார் நர்ஸம்மா. "ஆனா அந்தக் கரடி ஏன் இப்படி மேல்மூச்சு வாங்குது? பாக்குற எனக்கே இழுக்குது. கொஞ்சம் குறைச்சு வைங்க."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. என் மூச்சை எண்ணித்தான் வச்சிருக்கான்."

"ஓடியாடிட்டு வந்து எண்ணினீங்களா?"

"இல்லம்மா, படுக்கவச்சுத்தான் எண்ணினேன்" என்றேன் பெருமையாக.

நர்ஸம்மா அக்காவை உட்காரவைத்து, முதுகில் உள்ளங்கை பதித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடம் முடிவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. "எத்தனை வருஷமா இப்படி?"

"எப்படி?" என்றாள் அக்கா. "எல்லாருக்கும் இப்படித்தானே?"

 அந்த முப்பதை என் விரலால்தான் தட்டியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை என் மூச்சையும் எண்ணிப் பார்த்திருந்தால்! அங்கேயே நின்று எண்ணினேன். அத்தனை பயத்திலும் பதினெட்டைத் தாண்டவில்லை.

பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது, எவ்வளவு சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றைக்கே அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கரடியைப் பிரித்தேன். அந்த வேகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு விநாடி ஏற்றம், இரண்டு விநாடி இறக்கம் என்று மாற்றித் தைத்தேன். மறுநாள் மதியம் பிள்ளையை நான்தான் படுக்கவைத்தேன். கரடியில் கன்னம் வைத்தாள். கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கரடியை என் பக்கம் தள்ளினாள்.

"இது அம்மா இல்ல மாமா."

"அம்மாதான் கண்ணு. அம்மா உடம்பு நல்லா இருந்தப்ப இப்படித்தான்..."

"இல்ல" என்றாள். "அம்மா ஒருநாளும் இப்படி இல்ல."

பிறந்த நாளிலிருந்து அந்த வயிற்றில் தூங்கியவள் சொல்கிறாள்.