கை படக் கொடுத்த பத்திரம்

“…மேல இருந்து போடாதியும் அண்ணாச்சி. கிட்ட வந்து, கை படக் குடும்,” என்றார் மேடையில் நின்ற அம்மாள்.

குற்றாலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பண்ணைவீட்டார், மூன்று தலைமுறையாகத் தங்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த குடும்பங்களுக்கு, அவர்கள் குடியிருந்த நிலத்தையே எழுதிக் கொடுத்துச் சமாதானமாகிற விழா; நானும் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் குடும்பங்கள் சார்பில் மேடையேறிய அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், பூப்போட்ட சேலை. வந்ததிலிருந்து இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கியபடியே இருந்தார். காப்பி கொடுத்தபோதுகூட நீட்டவில்லை.

பண்ணையார் மகன் மன்னிப்புக் கேட்டு நன்றாகத்தான் பேசினார். பத்திரத்தைக் கொடுக்கும்போது மட்டும் பழைய வழக்கம் வந்துவிட்டது. கை பட்டுவிடாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து போடப் போனார். அப்போதுதான் அம்மாள் அப்படிச் சொன்னார்.

“நேத்துவரைக்கும் மொதலாளி, இன்னைக்கு அண்ணாச்சியாக்கும்! வாங்கிட்டு எறங்குட்டீ!” என்று முன்வரிசையில் பண்ணைவீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் சீறினார்.

அம்மாள் அசையவில்லை. “மாட்டுக்குக்கூட வைக்கோல முன்னால கொண்டாந்து வைக்கிய. எங்களுக்கு மட்டும் எறிவியளோ?”

பண்ணையார் மகனுக்கு முகம் கறுத்தது. பத்திரத்தை அம்மாள் கையில் திணித்தார். விரல்கள் பட்டன. ராசியாகிவிட்டது என்று நான்தான் முதலில் கைதட்டினேன்.

அந்த அம்மாள் பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பண்ணையார் மகனைப் பார்த்தபடியே, பட்ட கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தார்.