மேற்கோள் குறிக்குள் ஒரு மனிதர்

இரண்டு வரி நிரல் எழுதினால் பத்து வரி புலம்பல் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவார் எங்கள் கமெண்ட் அண்ணன். நாங்கள் நிரல் எழுதும் பைத்தான் மொழியில் கமெண்ட் என்பது அடுத்து வரும் ஆளுக்கான குறிப்பு; கணினி அதைச் சட்டை செய்யாது. “வீட்லயும் நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல, இங்கயும் கேக்கறதில்ல. இதுவும் கேக்காது. ஆனா குறுக்க பேசாது” என்பார்.

மீட்டிங்கில் வாயில் கொழுக்கட்டைதான். இருக்கைக்குத் திரும்பியதும் விசைப்பலகை படபடக்கும். ஏசி குளிர், மகளின் மதிப்பெண், மச்சானின் பவிசு எல்லாம் நிரலுக்குள் போகும். கமெண்ட் என்று காட்ட வரிக்கு வரி # போடச் சோம்பல். மூன்று மேற்கோள் குறி போட்டு, ஃபங்ஷன் என்கிற ஒவ்வொரு நிரல் துண்டின் தலைப்புக்கும் நேர் கீழே மொத்தமாகக் கொட்டுவார். அந்த இடத்தில் எழுதுவதை பைத்தான் விளக்கவுரையாக எடுத்து வைத்துக்கொள்ளும். பதினெட்டு வருட அனுபவசாலிக்கு இது தெரியாததல்ல. யார் படிக்கப்போகிறார்கள் என்ற அசட்டுத் தைரியம்.

போன வாரம் படித்துவிட்டார்கள். ஒரு பேருந்து நிறுவனத்துக்கு, ஓட்டுநர்களின் பணி நேரத்தைப் பிரிக்கும் மென்பொருள் செய்கிறோம். மேனேஜர் கையேடு கேட்டார். அதைத் தயாரிக்கும் கருவி விளக்கவுரைகளை வாரித் தொகுத்தது. யாரும் புரட்டிப் பார்க்காமல் வாடிக்கையாளருக்குப் போயிற்று. நாற்பத்தோராம் பக்கத்தில் மச்சான். அடுத்த பக்கத்தில் இது: “இந்தக் கணக்கு டிரைவரோட தூக்கத்துல ஒரு மணி நேரத்தத் திருடுது. மேனேஜர்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். பக்கத்து சீட் தம்பியும் கூட இருந்தான். வாயத் திறக்கல.”

அந்தத் தம்பி நான்தான்.

வாடிக்கையாளர் சரிபார்த்தார், கணக்கு தப்புதான். தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று மேனேஜர் கையை விரித்தார். கம்பெனிப் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு, அண்ணன் எச்சரித்தது உண்மையா என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். வீட்டுக் கடன், கைக்குழந்தை என்று எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழி அண்ணன் தலையில் விழுந்தது; இன்றோடு அவருக்கு வேலை போகிறது. போவதற்குள் எழுதியதையெல்லாம் துடைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். மகள் போனாள், ஏசி போயிற்று, மச்சானும் போனார். ஓட்டுநரின் தூக்கத்துக்கு வந்ததும் கை நின்றது.

“இது பொய்யின்னா நீயே அழிச்சிடு தம்பி” என்றார்.

விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.