தவழத் தொடங்கிய விளம்பரங்கள்

கைபேசி பழுதுபார்க்கும் கடையில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, திறந்து கிடக்கும் கைபேசியிடம், "கொஞ்சம் பொறு, வலிக்காது" என்பாள்.

அவளைத் தேடி வருகிறவர்கள் பலரும் பெண்கள். எங்கே போனாலும் முன்னாள் கணவன் எதிரே வந்து நிற்கிறான் என்பார்கள். கைபேசியோடு வந்த இயங்கு அமைப்பை அடியோடு துடைத்துவிட்டு, வேவு பார்க்காத வேறோர் அமைப்பை ஏற்றிக் கொடுப்பாள். தன் கைபேசியை மட்டும் தொடவில்லை.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கதைதான் உன்னோடது," என்பார் கடைக்கார அண்ணன்.

"பல்லிக்கு நேரமில்லண்ணே."

நேரம் இருந்தது. போன வருடம், ஐந்தாம் மாதத்தில், அவள் வயிற்றிலேயே குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கைபேசி மட்டும் நிறுத்தவில்லை. கர்ப்பக் கணக்குச் செயலி ஒன்றில் பிரசவத் தேதியைப் பதிந்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அதை நீக்கினாள். அதற்குள் தேதி விளம்பரக்காரர்களுக்கு விற்கப்பட்டிருந்தது. பிறந்திருக்க வேண்டிய நாளில் குட்டித் தொப்பி விளம்பரம் வந்தது. மூன்றாம் மாதம் கிலுகிலுப்பை. எட்டாம் மாதம், "தவழ ஆரம்பிச்சாச்சா?"

மாமியார் அதைப் பார்த்துவிட்டார். "வீட்டையே சுத்துதும்மா. மந்திரிச்சாத்தான் போகும்."

"பேய்க்கு நம்ம விலாசம் தெரியாது அத்தை. இவனுங்களுக்குத் தெரியும்."

பேயென்றால் விரட்டிவிடலாம். ஒரு தாயின் வயிற்றைக் கேட்காமல் விற்றவனை எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வது? ஆனால் அவள் தன் கைபேசியைத் தொடாதது வேறொன்றுக்காக. இதையும் துடைத்துவிட்டால், அந்தக் குழந்தையின் மாதங்களை எண்ண உலகத்தில் யாருமில்லை.

ஆனாலும் மறுநாள் மதியம் தன் கைபேசியில் கேபிளை மாட்டினாள். வேறு அமைப்பை ஏற்றவிடாத உள்பூட்டைத் திறந்தால் எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. ஒலி பொத்தானால் "ஆம்" வரை நகர்ந்து, ஆற்றல் பொத்தானை அழுத்தினாள். புது அமைப்பு ஏறியது. அது அவளை எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் அமைதி. ஞாயிறன்று, பேருந்து ஓட்டும் கணவன் குளிக்கப் போயிருந்தபோது, மேசைமேல் அவன் கைபேசி ஒளிர்ந்தது. குழந்தைக் காலணி.

அவன் வந்ததும் கை நீட்டினாள். "குடுங்க. உங்களோடதையும் மாத்திடறேன்."

"இருக்கட்டும்."

"வேவு பாக்குதுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவன் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நீ எடுத்துட்ட அந்த ஆப்பை நான் போட்டுக்கிட்டேன். பிரசவம் ஆச்சான்னு கேட்டுச்சு. ஆமான்னு போட்டேன்."

அடுத்த அறையில் மாமியார் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தினார்.

எத்தனையோ பேருக்கு விளக்கியவள் அவள். நீங்கள் தருகிற ஒவ்வொரு தகவலையும் எவனோ தின்கிறான் என்று. இவன் தானாகவே ஊட்டியிருக்கிறான். எங்கோ ஓர் இயந்திரத்தில், இல்லாத குழந்தை இனிப் பள்ளிக்கூடம் வரை வளரும். பை விற்பார்கள், சைக்கிள் விற்பார்கள்.

"பேரு கேட்டிருக்குமே," என்றாள்.

"கேட்டுச்சு."

"என்ன போட்டீங்க?"

அவன் சொன்னான். அந்த வீட்டில் யாரும் அதுவரை உச்சரிக்காத பெயர். நீட்டிய கையை அவள் மெல்ல இறக்கிக்கொண்டாள்.