வினைச்சொல் வந்த பின்னேரம்

"தங்கச்சி, ரீச்சர் எங்களை விட்டுப் போட்டா." காலையில் தொலைபேசியில் தேவன் அண்ணை இவ்வளவுதான் சொன்னார். சிவகௌரி ரீச்சரின் கணவர். பருத்தித்துறையில் கடற்றொழில் செய்கிறவர். மனைவியை அவரும் ரீச்சர் என்றே அழைப்பார்.

நெல்லியடியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பித்தோம். ரீச்சர் நீண்ட வாக்கியங்களைப் பிரிக்கும் குரல் தடுப்பைத் தாண்டி வரும். ஒருநாள், புயல் வருமுன் மாமா வாங்கிய படகு வெளிச்சவீட்டருகே மூழ்கியது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். முதன்மை வினை எது என்றதற்கு, வாங்கியதைக் குறிக்கும் சொல்லை வகுப்பே கூவியது.

"மாமா வாங்கினது இருக்கட்டும், புயல் வந்ததும் இருக்கட்டும். படகுக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லுங்கோ."

 உடனே, மூழ்கியது என்பதற்கான "சாங்க்!" என்ற கூச்சல், என் வகுப்பிலிருந்தும்.

போன வருடம் ரீச்சரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை விழுந்தது, பேச்சும் குலைந்தது. "தண்ணி", "கதவு" என்று பெயர்ச்சொற்கள் மட்டும் வந்தன. கதவைத் திறப்பதா, மூடுவதா என்று சொல்ல வரவில்லை. "வினை வினையெண்டு காலம் முழுக்கப் படிப்பிச்சவ" என்று அண்ணை குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதார்.

மறுநாள் பாடப்புத்தகத்தைக் கொண்டுபோனேன். ஏன் என்று எனக்கே தெரியாது. ரீச்சர் இடது கையால் பென்சிலை வாங்கினார். துணை வாக்கியங்களை அடைப்புக்குள் போட்டார். எஞ்சியதில் முதன்மை வினையின் கீழ் கோடு கிழித்தார். சரி. அடுத்ததும் சரி. வாயில் வராத சொல்லைக் கண் பிடித்துவிடுகிறது! 

"அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ!"

"உதிலை என்ன இருக்கு, பிள்ளை?"

"ரீச்சர் இருக்கிறா, அண்ணை. உள்ளுக்கை முழுசா இருக்கிறா."

அதன்பின் பின்னேரங்களில் போனேன். அவர் கோடிட்ட வினையை நான் தமிழிலும் சொல்வேன். அவர் உதடு அசையும், ஒலி வராது. கோபத்தில் பென்சிலை எறிவார். பிறகு தானே கை நீட்டிக் கேட்பார். மாரி தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், "வாறன் ரீச்சர்" என்று எழுந்தேன். என் சீலைத் தலைப்பைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இரும்."

'இரு' என்று வந்திருந்தாலே அதிசயம்தான். வயதில் இளைய சக ஆசிரியைக்கு எப்போதும் தருகிற மரியாதையையும் சேர்த்தே இழுத்து வந்திருந்தார். அண்ணை வாசலில் ஓடிவந்து நின்றார். "என்ன சொன்னவ?"

"இருக்கச் சொன்னவ." இருந்தேன், மழை விடும் வரைக்கும், விட்ட பிறகும்.

இன்னும் சில வினைகள் வந்தன. அதற்குள் இரண்டாம் முறை பக்கவாதம் தாக்கி அவரைக் கொண்டுபோய்விட்டது. ரீச்சரை அறிந்தவர்களே, அவரிடம் கற்ற இலக்கணம் உங்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது, ஒரு மனுஷி தன் முழுப் பலத்தையும் திரட்டி எனக்கென்று சொன்ன அந்த ஒற்றைச் சொல்.