உரசாத டயர்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஓர் இளைஞர் குடிவந்திருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை, கார் இருக்கிறது. அந்தக் கார் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், வயிறு நிறையத் தின்ற பூனை மாதிரி. போன வாரம் அவர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வண்டியை வெளியே எடுத்தபோது முன்சக்கரத்திலிருந்து 'ஸ்ர்ர்ர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே கருகின ரப்பர் வாசனை. கத்தரிக்காய்ப் பையோடு லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன்.

"டயர் உள்ள உரசுதுப்பா. அகலம் ஜாஸ்தி" என்றேன்.

என் நரைத்த தலையையும் கத்தரிக்காய்ப் பையையும் மாறிமாறிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். அம்மா தி.நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் கார் ஓட்டுபவள் அவள்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு சைக்கிளுக்கு மேல் எதிலும் நம்பிக்கை கிடையாது. அம்மாவிடம் இருந்தது இரண்டு கதவு மைனர் கார், பச்சை நிறம். அவளுடைய தலைமையாசிரியை ஓய்வுபெற்று மலைப்பக்கம் போனபோது இவளிடம் கொடுத்துவிட்டுப் போன வண்டி. அது அப்போதே கிழம். 'மைனர் டீச்சர்' என்று பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவளுக்கு அது தெரியும். எந்த வகுப்பில் யார் வைத்தது என்பதுகூடத் தெரியும்.

தினமும் காலையில் சேமியர்ஸ் சாலை வழியாக வந்து நந்தனத்தில் என்னை இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போவாள். எனக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் படம் வரையும் வேலை. கட்டடப் படம்தான், ரொம்பக் கலைநயமாக நினைத்துவிடாதீர்கள். கழிப்பறைக் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மூன்று வருடம் வரைந்தேன்.

என் அண்ணன் சேகருக்கு அந்தக் காரின் மேல் ஒரு பித்து. ஓட்டுவதைவிட அதன் அடியில் படுத்துக் கிடப்பதுதான் பிடிக்கும். ஒருமுறை நாங்கள் மூன்று பேரும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் நின்ற வண்டியின் உயரம் குறைந்திருந்தது. அண்ணனும் வடபழனியில் சினிமா வண்டிகள் பார்க்கும் அவன் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, முன்பக்கம் வண்டியைத் தாங்கும் கம்பிகளைத் திருகி, பின்பக்கம் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, முழுசாக மூன்று அங்குலம் இறக்கியிருந்தார்கள். போதாதென்று நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு டயர்கள் வேறு. அந்தக் காருக்கு அது, ஒல்லிப் பிள்ளைக்கு அப்பாவின் செருப்பு.

அண்ணன் சிரித்துக்கொண்டே, "எப்படிம்மா? சும்மா ரேஸ் கார் மாதிரி இல்ல?" என்றான்.

அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். அவனுடைய நண்பர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னாள்: "இனிமே என் சாவியைத் தொடாத."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பான். மஸ்கட்டில் ஒரு வேலை வந்திருந்தது. போகலாமா வேண்டாமா என்று அவன் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே போவதாக எழுதிப் போட்டுவிட்டான். கிளம்பும் நாளில் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அம்மாவின் காலையும் தொட்டான். முகத்தைத்தான் பார்க்கவில்லை. "வண்டியை நான் வந்து ஏத்தித் தர்றேன்னு சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டாக்சியில் ஏறினான். அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

அதற்குப்பின் அவன் கடிதங்கள் எல்லாம் அப்பா பேருக்கே வந்தன. கடைசி வரியில் 'அம்மா நலமா' என்று இருக்கும். அப்பா படித்துவிட்டு மேஜைமேல் வைப்பார். அம்மா விடைத்தாள் திருத்துகிற சாக்கில் அந்த மேஜைக்கே வந்து உட்காருவாள்.

வண்டியோ உரசிற்று. இடப்பக்கம் முழுசாகத் திருப்பினால் முன்டயர் உள்தகட்டில் உரசும். பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்தால் போதும், மட்கார்டின் விளிம்பு பின்டயரைச் சீவும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வாசனை உள்ளே வரும். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அம்மா ஒன்றும் வாசனை வராதது மாதிரி ஓட்டுவாள்.

"பழையபடி ஏத்திட்டா என்ன?" என்று அப்பா கேட்டார்.

"அவன் எறக்கினது. அவனே வந்து ஏத்தட்டும்."

இது கோபம் என்றுதான் நானும் அப்பாவும் ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் லீவில் வருகிறானாம். டாக்சி பிடித்து வந்துவிடுகிறானாம், யாரும் விமான நிலையத்துக்கு வர வேண்டாமாம். அந்தச் சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ராயப்பேட்டையில் காதர் பாயின் டயர் கடைக்குப் போனாள். கடை என்றால் ஒரு பெஞ்சு, காற்றடிக்கும் மெஷின், கூரை வரை டயர்கள். புது ரப்பரும் பாய் குடிக்கும் ஏலக்காய் டீயும் கலந்த வாசனை ஒன்று அங்கே இருக்கும். இன்றைக்கும் ஏலக்காய் இடித்தால் எனக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும்.

பாய் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா டீச்சரம்மா, வண்டி படுத்துக்கினு கீது!"

"படுத்தே இருக்கட்டும் பாய். உரசக் கூடாது. அஞ்சு பேர், ரெண்டு பெரிய பெட்டி. அப்பவும் உரசக் கூடாது."

"சுத்தியால விளிம்பை நாலு தட்டு தட்டி மடிச்சி வுட்டா மேட்டர் ஓவர்."

"தகட்டைத் தொடக் கூடாது."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதலில் எதிலிருந்தோ கழற்றிய, அகலமும் உயரமும் குறைந்த டயர்களைப் போட்டுப் பார்த்தார். அம்மா ஒரு சுற்று ஓட்டினாள். உரசவில்லை. ஆனால் டயர் குள்ளமாகிவிட்டதால் ஏற்கெனவே படுத்திருந்த வண்டி இன்னும் படுத்துவிட்டது. முதல் வேகத்தடையிலேயே சைலன்சர் 'டங்' என்று இடித்தது. தெருவில் போனவர்கள் கோயில் மணியோ என்று திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிவந்து ஒரு கேள்வித்தாளின் பின்பக்கத்தில் வட்டம் வரைந்தாள் அம்மா. வண்டியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிப்பது டயரின் உயரம். பக்கத்தில் உரசுவது அதன் அகலம். "உயரம் குறையக் கூடாது பாய். அகலம்தான் குறையணும். உயரம் மாறலேன்னா வேக முள்ளும் பொய் சொல்லாது."

பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்டின்னா பத்மினி வண்டிக்குப் போடுறோம்ல, அஞ்சு இருவதுன்னு ஒரு சைஸ். ஒல்லியா, ஒசரமா. பார்க்க ஷோவா இருக்காதும்மா."

"ஷோ காட்டினது போதும்" என்றாள்.

அஞ்சு இருபது பொருந்திற்று. முன்பக்கம் சத்தமே இல்லை. பின்பக்கம்? அதைச் சோதிக்க அவள் கண்டுபிடித்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸை மட்கார்டின் உள்விளிம்பில் அழுத்தித் தேய்த்தாள், இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் ரோஜா. டயர் தொட்டால் அதில் நிறம் ஒட்டிக்கொள்ளும். இனி வேண்டியது பாரம்.

மாடி வீட்டு மாமாவும் மாமியும் நல்ல உடம்புக்காரர்கள். அம்மா படியேறிப் போய், "பெசன்ட் நகர் கோயிலுக்குப் போறோம், வரீங்களா?" என்று கூப்பிட்டாள். இரண்டு வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஆத்துல சும்மாத்தான் உக்காந்துண்டிருந்தோம். பகவானாப் பார்த்து உங்களை அனுப்பிச்சிருக்கார்" என்று மாமி பட்டுப்புடவையோடு இறங்கிவந்தார்.

பின்சீட்டில் அவர்களுக்கு நடுவே அப்பா. முன்சீட்டில் நான், மடியில் ஒரு அரிசி மூட்டை. மேடு பள்ளம் எங்கெங்கே உண்டோ அந்த வழியாகவே அடையாறு பாலத்தைத் தாண்டிப் போனோம். கோயில் வாசலில் எல்லோரும் இறங்கியதும் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு சக்கரத்தின் அருகே மண்டியிட்டாள். மாமி நெகிழ்ந்துபோய், "வாசல்லயே நமஸ்காரம் பண்றாளே, என்ன பக்தி!" என்றார். வலப்பக்க டயரில் ஒரு விரல் அகலத்துக்கு ரோஜா நிறக் கோடு இருந்தது.

மறுநாள் பாய் வண்டியின் அடியில் புகுந்து, அச்சு மேலே வந்து முட்டும் இடத்தில் இருந்த ரப்பர் கட்டையை மாற்றி, அரை அங்குலம் தடிமனானதை வைத்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் கோயில். மறுபடியும் மாமா, மாமி, அரிசி மூட்டை. கோடு இல்லை. அம்மா மறுபடி மறுபடி டயரைத் தடவிப் பார்த்தாள். எழுந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் செய்து வைத்துவிட்டுப் போன காரில் அண்ணன் வீடு வரும்போது அந்தச் சத்தத்தை அவன் காதால் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் இத்தனை வட்டங்கள்.

வர வேண்டாம் என்றவனை அழைத்துவர மூன்று பேரும் போனோம். மாலை விமானம். இளைத்து, மீசை வைத்து, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அம்மாவைப் பார்த்ததும் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டான். அம்மா, "ஏறு" என்றாள். பின்னால் நானும் அப்பாவும், எங்களுக்கு நடுவே மலை போல ஒரு பெட்டி. டிக்கியில் இன்னொன்று.

கத்திப்பாரா ரவுண்டானாவில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து வளைந்தது. அண்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். சத்தத்துக்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் ஹாரனைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

சைதாப்பேட்டை வந்தபின் முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினான். "என்ன டயர்ம்மா போட்டிருக்க?"

"அஞ்சு இருபது."

"இரும்புக் கட்டையை எடுக்கலையா?"

"அது நீ வெச்சதாச்சே."

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நந்தனம் சிக்னல் வரை திரும்பவில்லை. அப்பா பெட்டிக்கு மேலாக என் கையைப் பிடித்து அழுத்தினார், வலித்தது.

எங்கள் வீட்டு கேட் குறுகல். வழக்கமாக அம்மா மூன்று முறை முன்னும் பின்னும் போய்த்தான் வண்டியை உள்ளே விடுவாள். அன்று வாசலிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினாள். "நீ உள்ள விடு. சாவியை ஆணியில மாட்டிரு" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைக்கப் போய்விட்டாள். அண்ணன் வண்டியை உள்ளே விட்டபின் ரொம்ப நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தான். நாங்கள் கூப்பிடவில்லை.

அந்த லீவில் வண்டியை ஏற்றித் தருவதாகச் சொன்னான். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். அதற்கடுத்த லீவிலும் அதையே சொன்னாள்.

இன்று காதர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மாடி வீட்டு மாமி தன் கடைசிக் காலம் வரை எங்கள் அம்மாவின் பக்தியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மந்தைவெளி வீடு இடிபட்டு எட்டு வீடாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் இல்லை.

கார் அவர்களுக்கெல்லாம் முன்னாலேயே போய்விட்டது. தொண்ணூறுகள் முடிகிற சமயம், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து கிளட்சை மிதிக்க முடியாமல் ஆனபோது, பழைய வண்டிகளின் மேல் ஆசையுள்ள அடையாறுக்காரர் ஒருவருக்கு விற்றோம். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஆசையாகச் சொன்னார்: "அம்மா, யாரோ வண்டியை எறக்கிக் கெடுத்து வெச்சிருந்தாங்க. நான் பழையபடி ஒரிஜினல் ஒசரத்துக்குக் கொண்டுவந்துட்டேன்!"

"நல்லதுங்க. பின்னால மூணு பேர் தாராளமா உக்காரலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். அப்புறம் என்னிடம், "அண்ணனுக்கு போன் போடு" என்றாள்.

பட்டப்பகல். வெளிநாட்டுக்குப் பகலில் கட்டணம் அதிகம்; அந்த நேரத்தில் பேசுவதென்றால் வேண்டவே வேண்டாம் என்று அவள் வழக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். மூன்றாம் முறை லைன் கிடைத்தது. அண்ணன் பதறிப்போய், "என்னம்மா? யாருக்கு என்ன?" என்று கத்துவது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் அம்மா. ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, வண்டிப் பேச்சையே எடுக்காமல், அந்த ஜூன் மாதத்து மத்தியானத்தில், மஸ்கட்டில் மழை பெய்கிறதா என்று கேட்டாள்.